பழவேற்காடு ஏரியில் ஏற்ற வற்றக் கணக்கு: தரைதட்டிய ஒரு படகைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தை மாதத்தில் பழவேற்காடு ஏரிக்குப் பறவை எண்ணப் போவது பல குழுக்களுக்கு வழக்கம். ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. வடக்கே பெரும்பகுதி ஆந்திரத்திலும், தெற்கு முனை தமிழ்நாட்டிலும் இருக்கிறது. கடலோடு சேரும் முகத்துவாரம் தெற்குப் பக்கம், பழவேற்காடு ஊருக்கு அருகே. ஏரியின் ஆழம் சராசரியாக ஒரு மீட்டர்தான். ஒரு சாண் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் படகு போகும் வழியே மாறிவிடும். ஊர்க்காரர்களுக்கு இது மூச்சுவிடுவதைப் போலப் பழகிய விஷயம். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சொன்னால்கூட முதலில் உறைப்பதில்லை.

இங்கே எழுதுவது அப்படிப் போன ஒரு குழுவுக்கு நேர்ந்தது. படகில் ஆறு பேர்: நான்கு பெரியவர்கள், இரண்டு கல்லூரி மாணவர்கள். படகோட்டி தனி. அன்று நான் அவர்களோடு இல்லை. பிறகு எல்லோரிடமும் உட்கார்ந்து பேசினேன், அதைத் தொடர்ந்து நடந்த அளவெடுப்பில் கூட இருந்தேன். யாருக்கும் காயம் இல்லை. ஆனால் அன்று நடந்த யோசனையில் ஒரு இடம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அதனால்தான் குழுவின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

கையில் இருந்த கணக்குகள்

அமாவாசை கழிந்து மூன்றாம் நாள், திரிதியை. முகத்துவாரத்துக்கு வடக்கே உள்ள ஒரு சேற்றுத்திட்டில் உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் எண்ண வேண்டும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது திட்டை நெருங்கி, வற்றத் தொடங்கியதும் இரைக்கு இறங்கும் பறவைகளை எண்ணி, திரும்பி வரப் போதுமான தண்ணீர் இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். ஆகவே ஏற்றம், அதாவது தண்ணீர் ஏறி உச்சம் தொடுவது, எத்தனை மணிக்கு என்பதுதான் முதல் கேள்வி.

குழுவில் ஒருவர் சில ஆண்டுகள் மும்பையை ஒட்டிய கொங்கணக் கடற்கரையில் வேலை பார்த்தவர். அங்கே கோளி மீனவர்களும் கரையோர ஊர்க்காரர்களும் தலைமுறையாக வைத்திருக்கும் ஒரு கணக்கு அவருக்கு மனப்பாடம்: திதி எண்ணை முக்காலால் பெருக்கினால் ஏற்றம் வரும் மணி கிடைக்கும். அஷ்டமி என்றால் 8 முக்கால் 6, காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் ஏற்றம். அலிபாக் ஊரில் வற்றின நேரத்தில் கடலுக்குள் நடந்தே கொலாபா கோட்டைக்குப் போகலாம். இந்தக் கணக்கை வைத்து அவர் பலமுறை போய்வந்திருக்கிறார், ஒருபோதும் தவறியதில்லை. இந்தக் கணக்குப்படி திரிதியைக்கு 3 முக்கால் இரண்டேகால். பிற்பகல் 2:15க்கு ஏற்றம்.

இன்னொருவரிடம் சென்னைத் துறைமுகத்துக்கான ஏற்ற வற்ற அட்டவணை இருந்தது. அதில் அன்றைய ஏற்றம் காலை 10:15, வற்றம் மாலை 4:20.

மூன்றாவது, படகோட்டி. முப்பதுக்குள் வயது, பெரும்பாலும் கடல் தொழிலுக்குப் போகிறவர். அவரிடம் கேட்டபோது, "நேத்து மத்தியானத்துக்கு முன்னாடியே தண்ணி நின்னுருச்சு சார், இன்னிக்குக் கொஞ்சம் தள்ளும்" என்றார். மணி சொல்லவில்லை. அதை யாரும் குறித்துக்கொள்ளவும் இல்லை.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

10:15க்கும் 2:15க்கும் நான்கு மணி நேர வித்தியாசம். இதை எப்படிப் பொருத்துவது என்று படகுத்துறையில் பேச்சு நடந்தது. அட்டவணை திறந்த கடலுக்கு உரியது, ஏரிக்குள் தண்ணீர் முகத்துவாரம் வழியாகத்தான் நுழைய வேண்டும், ஆகவே ஏரியில் ஏற்றம் தாமதமாகும் என்று ஒருவர் சொன்னார். இது சரிதான். தாமதம் நான்கு மணி நேரம் இருக்கலாம், அப்படியானால் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடுகிறதே என்று இன்னொருவர் சொன்னார்.

எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. இந்த நிகழ்வின் திருப்பமே இங்கேதான் என்று நினைக்கிறேன். நான்கு மணி நேரம் என்ற எண்ணை யாரும் அளந்து சொல்லவில்லை. இரண்டு கணக்கையும் ஒட்டவைக்கத் தேவைப்பட்ட எண் அது, அவ்வளவுதான். ஆனால் சொன்ன மாத்திரத்தில் அது இரண்டு சாட்சிகள் ஒத்துப்போன மாதிரி தோன்றிவிட்டது. அப்புறம் படகோட்டி சொன்ன "மத்தியானத்துக்கு முன்னாடியே" என்பது காதில் விழுந்தும் கணக்கில் சேரவில்லை.

குழுவைக் குறை சொல்வது எளிது. அவர்கள் அலட்சியமானவர்கள் இல்லை. தண்ணீர், டார்ச், உயிர்காக்கும் மேலங்கி எல்லாம் வைத்திருந்தார்கள், கரையில் ஒருவரிடம் போகும் இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள். 12:30க்குப் படகு புறப்பட்டது. 2:15க்கு ஏற்றம், 3:30 வரை எண்ணிக்கை, 4:30க்குள் கரை என்பது திட்டம்.

ஏரியில் நடந்தது

திட்டுக்குப் போகும் வழியில் ஒரு மணல் மேடு குறுக்கே கிடக்கிறது. அதைத் தாண்டும்போது இன்ஜினைத் தூக்கிவிட்டு, மூங்கில் கழியை ஊன்றித் தள்ளினார்கள். பக்கத்தில் பழைய வலைக் கழி ஒன்று நின்றிருந்தது. அதன் ஒரு பக்கம் தண்ணீர் லேசாகச் சுழித்து, சிறு வால் போல நீண்டிருந்தது. வால் முகத்துவாரத்தின் பக்கம் திரும்பியிருந்தது. படகோட்டி அதைப் பார்த்துவிட்டு, "சார், தண்ணி வத்த ஆரம்பிச்சிருச்சு" என்றார். அப்போது மணி ஒன்றரை கூட ஆகவில்லை. "இன்னும் ஏறும் தம்பி, ரெண்டேகால் வரைக்கும் டைம் இருக்கு" என்று பதில் வந்தது. அவர் அதற்கு மேல் பேசவில்லை. கூலிக்கு வந்த இடத்தில், படித்தவர்கள் காகிதத்தோடு சொல்லும்போது, எத்தனை தடவை மறுத்துப் பேச முடியும்?

2:15க்குத் திட்டின் ஓரம் சேறு தெரிந்துவிட்டது. ஏற்றம் உச்சத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் ஈரச் சேறு பளபளக்கிறது. நண்டுகள் வளையிலிருந்து வெளியே வந்துவிட்டன, உள்ளான்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. மாணவர்களில் ஒருவர் தன் குறிப்பேட்டில் "பறவைகள் எதிர்பார்த்ததைவிட முன்பே இறங்கிவிட்டன" என்று எழுதியிருக்கிறார். வரியைப் படித்தபோது எனக்கு மனது கனத்தது. கண்ணுக்கு எதிரே இருந்ததைச் சரியாகப் பார்த்து, சரியாக எழுதியும் இருக்கிறார். அதை எண்ணிக்கைக்கு வசதியான செய்தியாக எடுத்துக்கொண்டார்கள், தண்ணீரைப் பற்றிய செய்தியாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

3:15க்குத் திரும்பினார்கள். 3:30க்கு அதே மணல் மேட்டில் படகு தட்டி நின்றது. நான்கு பேர் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தும், கழி ஊன்றித் தள்ளியும் நகரவில்லை. கால் மணி நேரத்தில் படகைச் சுற்றிக் கணுக்கால் அளவு தண்ணீர்தான் இருந்தது.

இறங்கி நடப்பதா, காத்திருப்பதா

இறங்கி நடந்து கரை சேரலாம் என்று ஒரு யோசனை வந்தது. கரை கண்ணுக்குத் தெரிந்தது. படகோட்டி இந்த முறை உறுதியாக மறுத்தார். மேட்டைத் தாண்டியதும் தொடை வரை புதையும் சேறு, அதற்குள் ஆளிச் சிப்பிகளின் ஓடு கத்தி மாதிரி நிற்கும், காலை இழுக்கும்போது கிழித்துவிடும் என்றார். குழு ஏற்றுக்கொண்டது. அன்று எடுத்த முடிவுகளிலேயே மிகச் சரியானது இதுதான். சேற்றில் மாட்டிக்கொண்டவரைப் படகில் ஏற்றுவதைவிட, படகில் உட்கார்ந்திருப்பவரை மீட்பது ஆயிரம் மடங்கு சுலபம்.

கைபேசிக்கு சிக்னல் இருந்தது. படகோட்டி தன் பெரியப்பாவை அழைத்தார். அறுபதைத் தாண்டியவர், ஏரியிலேயே 'பாடு' என்ற முறைப்படி வலை போட்டு வந்தவர். ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதை ஊர் முறை வைத்துப் பங்கிடுவதுதான் பாடு. இறால் வலைக்கு வற்றத்தின் இழுப்பு வேண்டும் என்பதால், அமாவாசையும் பௌர்ணமியும் அவர் தொழிலோடு பின்னிக் கிடப்பவை.

அவர் உடனே கிளம்பவில்லை. "இப்ப வந்தா நானும் மாட்டிக்குவேன். ஓடையில தண்ணி நிக்கும், அந்த வழியா வர்றேன். பயப்படாதீங்க" என்றார். தட்டையான சின்ன மரப்படகை எடுத்து, வற்றினாலும் தண்ணீர் தங்கும் ஓடை வழியாகச் சுற்றி வந்து, ஐந்தரைக்கு மேட்டின் மறுபக்கம் நிறுத்தினார். காலுக்குக் கெட்டியாக இருக்கும் மணல் விளிம்பு எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கழியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக அந்த விளிம்பில் நடந்து படகு மாறினார்கள். ஏழு மணிக்கு எல்லோரும் கரையில் இருந்தார்கள். படகோட்டி மட்டும் படகோடு தங்கினார். இரவு பத்து மணி வாக்கில் படகு தானாக மிதந்தது, ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இந்தக் கடைசித் தகவலைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். இதில் ஒரு நல்ல அளவு ஒளிந்திருக்கிறது. 3:30க்குத் தட்டிய படகு 10 மணிக்கு மிதந்தது என்றால், இரண்டுக்கும் நடுவே, அதாவது 6:45 வாக்கில், அந்த இடத்தில் தண்ணீர் அடிமட்டத்தில் இருந்திருக்கும். ஆட்கள் இறங்கிப் படகு எடை குறைந்துவிட்டதால் கொஞ்சம் முன்பே மிதந்திருக்கலாம், ஆகவே ஏழு மணியை ஒட்டி என்று வைத்துக்கொள்வது நியாயம். கடலில் வற்றம் 4:20. வித்தியாசம் இரண்டரை மணி நேரம். நான்கு மணி நேரம் இல்லை.

பெரியவர் பார்க்கும் முறை

மறுநாள் குழு படகோட்டியின் பெரியப்பாவைப் பார்க்கப் போனது. ஏற்ற நேரத்தை எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள் ஐயா என்று கேட்டார்கள். கணக்கு எதுவும் போடுவதில்லை என்றார். நேற்று எப்போது வற்றியது என்று தெரியும், இன்றைக்கு அதிலிருந்து முக்கால் மணி தள்ளும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அதைவிடக் கொஞ்சம் கம்மியாகத் தள்ளும். "அட்டமி நவமியில தண்ணி அசையாது, அன்னிக்கு நேரம் பார்த்து என்ன பண்ணப் போறே?"

படகோட்டி முந்தின நாள் சொன்னதும் இதே முறைதான்: நேற்றைய நேரம், அதற்கு மேல் கொஞ்சம். அதுதான் அன்றைக்கு இருந்த மிகச் சரியான முன்கணிப்பு. ஏனென்றால் அதில் முகத்துவாரம், ஏரியின் தாமதம், காற்று எல்லாம் ஏற்கெனவே சேர்ந்திருக்கின்றன.

வளர்பிறையில் அவருக்கு இன்னொரு கணக்கு உண்டு. வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் மேற்கே ஒரு பனை தெரிகிறது. பிறை இறங்கி அந்தப் பனையின் தலைக்கு வரும்போது அவர் வலை கட்டும் இடத்தில் தண்ணீர் வற்றி நிற்கும். மூன்றாம் பிறையானாலும் ஏழாம் பிறையானாலும் அப்படித்தான் என்றார். யோசித்தால் இது முற்றிலும் பொருந்துகிறது. ஏற்ற வற்றத்தை நடத்துவது பெரும்பாலும் நிலா. ஓரிடத்தில் நிலா வானத்தில் எந்த இடத்துக்கு வந்தால் தண்ணீர் அடிமட்டம் தொடுமோ, மறுநாளும் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வரும்போதுதான் தொடும். நிலா வடக்கும் தெற்குமாக விலகுவதால் பனையின் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று மாறும், அதையும் அவர் கண்ணாலேயே சரிசெய்துகொள்கிறார்.

கொங்கணக் கணக்கு ஏன் இங்கே எடுபடவில்லை

அந்தக் கணக்கு தவறு என்று எழுதிவிட்டுப் போவது அநியாயம். அதன் உள்ளே இருக்கும் வானியல் திடமானது. ஒரு அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை 15 திதி. அதற்குள் நிலா சூரியனுக்கு 12 மணி நேரம் பின்தங்குகிறது. 12 மணி என்பது 30 நாழிகை. ஆகவே திதிக்கு 2 நாழிகை, அதாவது 48 நிமிடம். கொங்கணத்தார் வைத்திருக்கும் முக்கால் மணி 45 நிமிடம். மனக்கணக்குக்கு ஏற்றாற்போல் வழித்துவிட்ட எண் அது.

சிக்கல் தொடக்கத்தில் இருக்கிறது. திதியை முக்காலால் பெருக்கியதோடு நிறுத்தினால், அமாவாசையன்று ஏற்றம் பன்னிரண்டு மணியை ஒட்டி என்று சொல்லாமலே எடுத்துக்கொள்கிறோம். மும்பைக் கரையில் அது உண்மை. அங்கே நிலா உச்சிக்கு வரும் சமயத்தை ஒட்டித் தண்ணீர் நிறைகிறது. சென்னைக் கரையில் அமாவாசை ஏற்றம் எட்டரை மணி வாக்கில். இங்கே நிலா உச்சியில் நிற்கும்போது தண்ணீர் இன்னும் வற்றிக்கொண்டிருக்கும், நிலா மேற்கே சாய்ந்து இரண்டு மணி நேரம் ஆன பிறகே அடிமட்டம். ஆகவே சென்னைக்குக் கணக்கை எழுதினால், எட்டரையோடு திதிக்கு 2 நாழிகை கூட்ட வேண்டும். திரிதியைக்கு 10:54 வரும். அட்டவணை சொன்னது 10:15. அமாவாசையை ஒட்டிய நாட்களில் தள்ளும் நேரம் 48 நிமிடத்துக்குக் குறைவு, அரைநிலாவை ஒட்டி அதிகம். பெரியவர் "கம்மியாத் தள்ளும்" என்றது இதைத்தான்.

அளவிலும் வேறுபாடு உண்டு. மும்பையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் தண்ணீர் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். சென்னையில் ஒரு மீட்டர் சுமார், ஏரிக்குள் அதையும்விடக் குறைவு. அங்கே ஏற்றமா வற்றமா என்று கரையில் நின்று ஒரு பார்வை பார்த்தாலே தெரிந்துவிடும். இங்கே விரற்கடை விரற்கடையாக இறங்குவதைக் கழியைப் பார்க்காதவர் உணர மாட்டார்.

கழி நட்டு அளந்தது

குழு அதோடு விட்டுவிடவில்லை. பெரியவரின் யோசனைப்படி, படகுத்துறை அருகே ஒன்றும் மணல் மேட்டில் ஒன்றுமாக இரண்டு மூங்கில் கழிகளை நட்டு, 5 சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டுப் போட்டுச் சிவப்பு வண்ணம் அடித்தார்கள். ஒரு அஷ்டமியிலிருந்து அடுத்த அமாவாசை தாண்டும் வரை, ஊர்ப் பள்ளி மாணவர்களும் மீனவப் பெண்கள் சிலரும் முறைவைத்து அரைமணிக்கு ஒருதரம் வெட்டை எண்ணிக் குறித்தார்கள். பெண்கள்தான் நேரம் தவறாமல் எழுதினார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கிடைத்தது இது: மேட்டருகே ஏற்றம் கடலைவிட இரண்டு மணி நேரம் போலப் பின்தங்குகிறது, வற்றம் இரண்டரை மணி நேரம் போல. ஆழம் குறைந்த ஏரியில் வற்றும் தண்ணீர் இன்னும் மெதுவாகத்தான் வெளியேறும், அதனால் இரண்டும் சமமாக இல்லை. படகு தட்டிய நாளில் ஏற்றம் பன்னிரண்டேகால் வாக்கில் வந்திருக்க வேண்டும். அதாவது குழு கிளம்பும்போதே தண்ணீர் உச்சம் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

நடுவில் இரண்டு நாள் வாடை பலமாக அடித்தது. அந்த நாட்களில் கணக்கு கலைந்தது. வடக்கிலிருந்து அடிக்கும் காற்று ஏரித் தண்ணீரைத் தெற்கு முனைக்குத் தள்ளிவைக்கும், வற்ற வேண்டிய நேரத்தில் வற்றாது, காற்று நின்றதும் மளமளவென்று இறங்கும். அட்டவணையில் காற்றுக்கு இடமில்லை. பெரியவர் அன்று காலையிலேயே, "வாடை நிக்கிற வரைக்கும் மேட்டுப்பக்கம் போகாதே தம்பி" என்று படகோட்டியிடம் சொல்லியிருந்தார்.

அடுத்த பயணம்

மாசி அமாவாசையை ஒட்டி மறுபடி போனார்கள். இம்முறை துறைமுக அட்டவணையோடு அளந்த தாமதத்தைக் கூட்டி ஒரு நேரம், படகோட்டி முந்தின நாள் பார்த்து வைத்த நேரம் ஒன்று. இரண்டுக்கும் கால் மணி வித்தியாசம்தான் இருந்தது. இரண்டில் முன்னதாக வரும் நேரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். திரும்பும் நேரத்தைக் கடிகாரத்தை வைத்து முடிவு செய்யவில்லை. மேட்டுக் கழியில் நான்காவது வெட்டு தெரிந்தால் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது ஒப்பந்தம், அதைச் சொல்லும் உரிமை படகோட்டிக்கு மட்டும். எண்ணிக்கை பாதியில் இருக்கும்போது அவர் சொன்னார், திரும்பினார்கள். மேட்டைத் தாண்டும்போது இன்ஜினைத் தூக்க வேண்டிய தேவையே வரவில்லை.

மாற வேண்டியவை

குழு தன் நடைமுறையில் சேர்த்துக்கொண்டவற்றில் முக்கியமானது, கிளம்பும் முன் படகோட்டி சொல்வதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்வது. மணி சொல்லாவிட்டாலும் "நேத்து எப்ப வத்துச்சு?" என்று கேட்டால் பதில் வந்துவிடும். இரண்டு கணக்குகள் ஒத்துப்போகவில்லை என்றால், ஒட்டவைக்கும் எண்ணைத் தேடுவதற்கு முன், துறையில் அரைமணி நேரம் நின்று ஒரு கழியைப் பார்க்க வேண்டும். அன்று அதைச் செய்திருந்தால் பன்னிரண்டரைக்கே விடை தெரிந்திருக்கும்.

அளந்த தாமதமும் நிரந்தரம் இல்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் ஏரிக்குள் வரும் தண்ணீர் குறையும், தாமதம் கூடும். மழைக்காலத்தில் ஆரணி ஆற்று வெள்ளம் வாயை அகலப்படுத்தினால் எல்லாம் மாறிவிடும். முகத்துவாரத்தைத் தூர்வாரி நிலையாக வைக்கச் சொல்லி மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது இதோடு சேர்ந்த விஷயம்தான். அவர்களுக்கு அது பறவை எண்ணிக்கை இல்லை, இறால் வரத்து. எனவே ஒவ்வொரு ஆண்டும் கார்த்திகை மழை ஓய்ந்ததும் கழிகளைப் புதிதாக நட்டு, ஒரு அமாவாசை முழுதும் மறுபடி அளப்பது என்று குழுவும் பள்ளியும் பேசி வைத்திருக்கிறார்கள். அளவுத்தாளின் நகல் ஒன்று படகுத்துறையிலுள்ள டீக்கடைச் சுவரில் ஒட்டப்படும், வெளியூர்க் குழுக்கள் முதலில் வந்து நிற்கும் இடம் அதுதான் என்பதால்.